பேய் ஆராய்ச்சியாளர் அறிக்கையின் நான்காவது வரி

அந்த ஆளை வரவழைத்தது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் சாக்குப்போக்காகத் தெரியும்.

என் அக்கா வீடு ஆந்திர எல்லையில், நகரியில். மாமா இருந்தவரை முன்கூடத்தில் நான்கு பவர்லூம் தறிகள் ஓடின. அவர் போன மறுவருஷம் அக்கா தறிகளை விற்றுவிட்டாள். கூடம் காலியாகக் கிடந்தது. அவளுக்கு ஒரே மகன். திருப்பதியில் வேலை. காலை பஸ்ஸில் போனால் இருட்டித்தான் திரும்புவான். போன வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணுக்கு ஊர் நாகலாபுரம்.

கல்யாணமான மூன்றாவது வாரம், காலிக் கூடத்தில் ஒரு சத்தம் கேட்பதாக அந்தப் பெண் சொன்னாள். தறி மெதுவாக ஓடுவது போல, டக், டக் என்று. முதலில் சொன்னது அவள் என்பதே பின்னால் அவளுக்கு எதிராக நின்றது.

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறி. மதியத்தில் சில நாள் த்ரீ பேஸ் கரண்டு நிற்கும். விளக்கும் மின்விசிறியும் ஓடும், தறிகள் மட்டும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். தறிக்காரர்கள் எல்லாரும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அக்கா கண்ணயர்ந்திருப்பாள். விழித்திருப்பது இந்தப் பெண் ஒருத்திதான். அவள் சொன்ன பிறகு அக்காவும் ஒரு நாள் விழித்திருந்து கேட்டாள். அப்புறம் பக்கத்து வீட்டு அம்மா கேட்டாள். ஒரு வாரத்தில் தெருவே கேட்டது.

"உங்க மாமாதான்டா. தறிய வித்துட்டேன்னு கோவம். வந்து ஓட்டிக்கினு இருக்காரு" என்றாள் அக்கா. பூசாரியை அழைத்து வரலாம் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சப்ஸ்டேஷனில் முப்பது வருஷம் ஷிப்டு பார்த்தவன் நான். மணிக்கொரு தரம் மீட்டர் படித்து எழுதியே பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும் புத்தூரில் என் வீட்டில் மழை பெய்த நாள், கிணற்றில் தண்ணீர் இறங்கிய நாள் எல்லாம் நோட்டில் ஏற்றுகிறேன். கையெழுத்தும் தேதியும் இல்லாத எதையும் நம்புவதில்லை என்பது என் பெருமை. "சாமியாடறவன் வேணாங்க்கா, படிச்சவனா பாப்போம்" என்றேன். திருப்பதியில் அப்படி ஒருவர் இருப்பதாக ஒரு விளம்பரத்தில் பார்த்திருந்தேன். போனேன். நாற்பது வயதுக்காரர். செல்போன் கவரும் சார்ஜரும் விற்கும் சின்னக் கடை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ்: புகைப்படம், முத்திரை, வரிசை எண். அமானுஷ்ய ஆராய்ச்சியில் தேர்ச்சி பெற்றவர் என்று இருந்தது. கொடுத்தது யார், எத்தனை நாள் பாடம், என்ன பாடம் என்று நான் கேட்கவில்லை. முத்திரையைப் பார்த்ததும் எனக்கு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்ளத் தோன்றியது.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்தார். காலை பத்தேகாலுக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்கு முடித்தார். கையில் மின்காந்தப் புலத்தை அளக்கும் ஒரு மீட்டர், ஒரு வெப்பமானி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி. முதலில் ஒரு படிவத்தை நிரப்பினார். கேள்விகளை அவர் படிக்க, அக்கா பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு மீட்டரோடு கூடத்தைச் சுற்றினார். அந்தப் பெண் காபித் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றதும் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் உள்ளே போனதும் அவர் தள்ளி வந்தார், விளக்கு அணைந்தது. மறுபடி அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். மறுபடியும் சிவப்பு. வாசலில் நின்றிருந்த தெருப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. நான்கு வரி. முதல் மூன்றும் வெப்பநிலை, நேரம், இடம். நான்காவது வரி இது: 'புதிதாக வந்த பெண் உறுப்பினர் அருகில் இருக்கையில் சக்தி கூடுகிறது, அவர் இங்கு இருப்பதே அதைத் தூண்டுகிறது.' கீழே கையெழுத்து, முத்திரை, வரிசை எண்.

ஆடி பிறந்தது. முதல் ஆடிக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். அவள் அப்பாவும் அம்மாவும் தட்டோடு வந்து கூட்டிப்போனார்கள். வழக்கத்தின் பேரில் நடந்ததால் யாரும் எதுவும் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் பஸ் ஏறும்போது அந்தப் பெண் தன் துணிமணி முழுவதையும் எடுத்துப் போனதை நான் பார்த்தேன்.

"ஆவணி ஒண்ணாம் தேதி அழைச்சிக்கினு வந்துருவ இல்லக்கா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா இன்னா அர்த்தம்?"

"இன்னாடா கேக்கற? பூசாரி சொல்லியிருந்தா ஒரு எலுமிச்சம்பழத்தோட போயிருக்கும். சர்டிபிகேட் வெச்சிருக்கறவன் எழுதிக் குடுத்துட்டான். நீதானே கூட்டிக்கினு வந்த!"

அக்கா மகனைப் பார்த்தேன். "அம்மா சொல்றதும்..." என்று ஆரம்பித்தான். "செத்துப்போன உங்க நைனா பேய்க்கு பயப்பட்ட, சரி. பொண்டாட்டிக்காக ஒரு வார்த்த பேசறதுக்குமா பயம்?" என்றேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டான்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். ஆடி முடியும் முன் அந்த நான்காவது வரி அடிபட வேண்டும். எழுத வைத்தவன் நான், அடிக்க வைக்க வேண்டியவனும் நானே.

வழி ஆடியிலேயே இருந்தது. அந்தப் பெண் ஒரு மாதம் அந்த வீட்டில் இருக்கமாட்டாள். சத்தம் நின்றால் அவர் சொன்னது சரி. நிற்காவிட்டால் தவறு. இதைவிட நல்ல சோதனையை யாரும் ஏற்படுத்தித் தர முடியாது. தினமும் மதியம் ஒரு மணிக்குப் புத்தூரில் பஸ் ஏறி, இரண்டிலிருந்து நாலரை வரை அந்தக் கூடத்தில் உட்கார்ந்தேன். த்ரீ பேஸ் நின்ற நேரம், வந்த நேரம், சத்தம் உண்டா, எத்தனை முறை, வீட்டில் யார் யார், எல்லாம் நோட்டில் ஏற்றினேன். ஆடி இரண்டாம் நாளே கேட்டது. மூன்று ஒன்பதுக்குத் தெரு அடங்கியது; மூன்று பன்னிரண்டுக்கு டக், டக். பதினொரு முறை. சொல்ல வெட்கம், எனக்கும் முதுகில் சில்லென்றது. ஆனாலும் எழுதினேன்.

"பாத்தியா, அவ இல்லாமயே வருது" என்று அக்காவிடம் நோட்டை நீட்டினேன்.

"அவ தூண்டி விட்டுட்டுப் போனதுடா. அடங்க நாளாவும்."

பத்தாம் நாளும் அதே பதில். முத்திரை போட்ட தாளுக்கு என் நோட்டுப்புத்தகம் ஈடாகாது என்று புரிந்தது. முத்திரை போட்டவரே வந்து அடிக்க வேண்டும்.

திருப்பதிக்குக் கிளம்பினேன். வடமாலபேட்டை தாண்டி பஸ் போகும்போது என்ன பேசுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். கடையில் அந்த ஆராய்ச்சியாளர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"சார், நான் சர்டிபைட் சார். ரீடிங் உங்க கண்ணு முன்னாலதானே வந்துச்சு? மீட்டர் பொய் சொல்லுமா?"

"மீட்டர் பொய் சொல்லாது. அது எத படிச்சதுன்னுதான் கேக்கறேன். சமையலறை வாசல் சுவத்துக்கு அந்தப் பக்கம் இன்னா இருக்குன்னு பாத்தீங்களா?"

"இன்னா இருக்கு?"

"பக்கத்து வீட்டுத் தறி மோட்டாரும் ஸ்டார்ட்டர் பொட்டியும்."

அவர் கோப்பிலிருந்து படிவத்தை எடுத்து என் முன் வைத்தார். 'சுற்றுப்புறத்தில் இயந்திர ஓசை உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை, அமைதி' என்று எழுதியிருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து.

அந்தச் சனிக்கிழமை காலை இரண்டு பக்கமும் பன்னிரண்டு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா அமைதி என்று சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறந்ததிலிருந்து கேட்கிற தறிச் சத்தம் எங்களுக்குச் சத்தமே இல்லை; அது நின்றால்தான் பயம். தறி ஓடாத வீட்டில் வளர்ந்து நாகலாபுரத்திலிருந்து வந்த பெண்ணுக்கு மட்டும்தான் சத்தமும் அமைதியும் தனித்தனியாகத் தெரிந்திருக்கிறது.

"உங்க காதுக்குமா கேக்கல?" என்றேன்.

"கேட்டுச்சு சார். வீட்டுக்காரங்களே அமைதின்னு சைன் பண்ணிட்டாங்க, நான் இன்னா எழுதறது? கோர்ஸ்ல பாரம் நிரப்பறதுதான் சொல்லிக்குடுத்தாங்க."

"எத்தன நாள் கோர்ஸ்?"

"ஆறு ஞாயித்துக்கெழம. ஆன்லைன்."

"இந்த சர்டிபிகேட்ட யாராவது திருப்பி வாங்க முடியுமா?"

"எதுக்கு சார் வாங்கணும்?" நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

கம்பத்தில் ஏறுபவன், கரண்டை நிறுத்தியாயிற்று என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏறக்கூடாது. அதில் கையெழுத்துப் போடுபவன் தவறாகப் போட்டால் அவன் வேலை போகும். அந்தப் பயம்தான் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு. என் ஷிப்டில் ஒரு முறை கூட, பேர் தெரிந்தவன்தானே என்று ஒருவனையும் சீட்டில்லாமல் ஏற விட்டதில்லை. அப்படிப்பட்ட நான், திரும்ப வாங்க ஆளில்லாத ஒரு தாளைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வரியை அடிக்க அவர் சம்மதிக்கவில்லை. பேர் கெட்டுவிடும் என்றார். இரண்டாம் முறை போனபோது கடை பூட்டியிருந்தது. மூன்றாம் முறை கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். திறந்ததும் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மதியம் வரை எழுந்திருக்கவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் என்னைக் கடைக்காரராக நினைத்தார்கள். "பெத்தாயனா, டைப் சி கேபிள் உந்தா?" என்று ஒருவர் தெலுங்கில் கேட்டார், பெரியவரே கேபிள் இருக்கிறதா என்று. "உந்தி" என்று எடுத்துக் கொடுத்தேன். ஆராய்ச்சியாளர் சிரித்துவிட்டார்.

"விடமாட்டீங்க போல. சரி சார், சனிக்கெழம வரேன். மறுபடியும் அதே ரீடிங் வந்தா?"

"மோட்டார நிறுத்தின பிறகும் வந்தா, நானே அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய், வர வேணாம்னு சொல்றேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அந்தச் சனிக்கிழமை வரை தினமும் நோட்டை முதலிலிருந்து படித்துச் சரிபார்த்தேன்.

வந்தார். பக்கத்து வீட்டுத் தறி ஓடும்போது சமையலறை வாசலில் என்னை நிறுத்தினார். சிவப்பு. அக்காவை நிறுத்தினார். சிவப்பு. ஆளே இல்லாமல் ஒரு தண்ணீர்க் குடத்தை வைத்தார். குடத்துக்கும் சிவப்பு. பக்கத்து வீட்டுக்காரரிடம் தறியை நிறுத்தச் சொன்னோம். விளக்கு அணைந்தது. அந்த வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா சார், பேய் எங்கூட்டு மோட்டார்லயா குந்திக்கினு இருக்கு? ரேஷன் கார்டுல சேத்துறட்டா?" என்றார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றேகாலுக்குத் த்ரீ பேஸ் போனது. நாங்கள் மூவரும் கூடத்தில் நின்றோம். டக், டக். அவர் முகம் வெளுத்தது. நிஜமாக அதைக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. தகரக் கூரையைப் பார்த்தோம், குழாயைத் தட்டினோம், சுவரில் காது வைத்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. வெயில் இறங்கும்போது தகரம் சுருங்குகிற சத்தம் என்று எனக்குச் சந்தேகம். அது சந்தேகம்தான், நிரூபிக்க முடியவில்லை.

"'ஏதோ சக்தி இருக்கலாம்'னு போடட்டுமா?" என்றார்.

"தெரிஞ்சத மட்டும் போடுங்க."

தாளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'சத்தம் கேட்டது. பெண் உறுப்பினர் ஊரில் இல்லை. காரணம் தெரியவில்லை.' நான்காவது வரியைக் குறுக்கே அடித்தார், ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார். "தெரியலன்னு எழுதறதுக்கு எங்க பாரத்துல கட்டமே இல்ல சார்" என்றார்.

இந்த வேலைக்குப் பயிற்சி வேண்டுமா, சான்றிதழ் வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் வேண்டும் என்பேன். ஒரு வீட்டுக்குள் வந்து ஒரு பெண்ணைப் பற்றி எழுதிவிட்டுப் போகிறவனுக்கு, கம்பத்தில் ஏறுகிறவனுக்குக் குறையாத கட்டுப்பாடு வேண்டும். முதல் பாடம் கரண்டைப் பற்றி இருக்கட்டும். இரண்டாவது, தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது. கொடுத்தவர்களுக்குத் திரும்ப வாங்கும் அதிகாரம் இல்லாதவரை, அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டுகிற படம்தான்.

ஆவணி மூன்றாம் நாள் அக்காவும் நானும் புத்தூரில் பஸ் மாறி, பிச்சாட்டூர் வழியாக நாகலாபுரம் போனோம். அக்கா தாளை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கவில்லை.

"பேப்பர் இருக்கட்டும் அத்தே. சத்தம் இப்பவும் வருதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நீயே சொல் என்று தலையசைத்தேன்.

"வருதும்மா. முந்தாநேத்து கூட வந்துச்சு."

"நான் இல்லாமயே?"

"நீ இல்லாமயே."

"இத நம்ம தெருவுல சொல்வீங்களா? அன்னைக்கு வாசல்ல நின்னு பாத்தாங்களே, அவங்க எல்லார்கிட்டயும்?"

அவள் அம்மா பதறிப்போய், "இன்னாடி பேசற" என்றாள். அந்தப் பெண் அசையவில்லை. "நீங்க போய் மொதல்ல சொல்லுங்க அத்தே. சொன்னப்புறம் நான் தானா வரேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா தெருவில் இறங்கினாள். நான் நோட்டோடு பின்னால் போனேன். எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. முதல் வீட்டில் அவள் மெல்லச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "இன்னா? சத்தமா சொல்லு!" என்றார்கள். "எம் மருமவ மேல தப்பு இல்ல!" என்று கத்தினாள். "இன்னாது?" என்று இன்னொரு குரல் வந்தது. வீட்டுக்காரர் தறியை நிறுத்தினார். தறி நின்ற பிறகும் அக்கா அதே குரலில் கத்தி மூன்றாவது தடவையும் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர்களும் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். பதினான்கு வீடு. கடைசி வீட்டுக்கு வரும்போது அவள் குரல் கம்மிவிட்டது, ஆனால் ஒரு வீட்டையும் விடவில்லை.

அதற்கடுத்த நாள் பதினொன்றேகால் பஸ்ஸில் அந்தப் பெண் தனியாக வந்து இறங்கினாள். இரண்டு பெட்டி. அக்கா மகன் அன்று லீவு போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தான். ஒரு பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அவளே தூக்கிக்கொண்டு தெருவின் நடுவில் நடந்தாள்.