மைக்குக்கு எவ்வளவு கிட்ட?

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு ஸ்பீக்கர் ஒரு பக்கம் கரகரத்தது. ஆலங்குடி சேகரை வரச் சொன்னேன்.

சேகர் மைக் செட்காரர். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து... எதுவானாலும் அவர் பாக்ஸ்தான் அலறும். "காதுகுத்து பிள்ளைக்கு மட்டுமா, வந்தவங்களுக்கும் சேர்த்தா?" என்று எப்போதும் கேட்பேன். சிரிப்பார்.

அன்று சிரிக்கவில்லை.

"வலது காதுல கொய்ங்னு கேட்டுக்கிட்டே இருக்கு சார். டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொல்றாரு. போகவே பயமா இருக்கு. காது போச்சுன்னு தெரிஞ்சா எவன் சார் மைக் செட்டுக்குக் கூப்புடுவான்?"

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பாட்டுப் போடத்தான் தெரியும். அவர் ஒயரை மாற்றி முடித்ததும், என் உயிரான ஆல்பத்தைப் போட்டேன்.

பிரேசில் நாட்டு போஸா நோவா இசை. கொஞ்சம் ஜாஸ் கலந்தது. அறுபதுகளில் வந்தது. கிடார் அவசரமே படாது. சாக்ஸபோன் — நம் கல்யாண வீடுகளில் ஊரையே கூட்டுமே, அதே வாத்தியம்தான் — இதில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும். அதில் பாடும் பெண் பாடுகிறாளா, பேசுகிறாளா என்றே தெரியாது. பாஷையும் புரியாது. ஆனாலும் இருபது வருஷமாகக் கேட்கிறேன், ஒரு நாளும் அலுத்ததில்லை. கத்தாமலே ஒருத்தரால் இவ்வளவு சொல்ல முடியுமா!

சேகர் முகம் சுருங்கியது. "இந்தம்மா மைக்க விட்டுத் தள்ளி நின்னு பாடுது சார். சரியாவே கேக்கலியே..." வால்யூமை ஏற்றப் போனார்.

எனக்குப் பக்கென்றது. நிஜமாகவே காது போய்விட்டதோ?

"ஏத்தாதீங்க சேகர். செத்த உக்காருங்க."

உட்கார்ந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பாட்டு ஓடியது. மூன்றாவதில் சட்டென்று கையைத் தூக்கினார்.

"தப்பாச் சொல்லிட்டேன் சார்! தள்ளி இல்ல. ஒதடு மைக்குல படுற மாதிரி நிக்குது. ஒவ்வொரு வரிக்கும் முந்தி மூச்சு இழுக்குது பாருங்க... இந்தா... இப்ப!"

கண்ணைத் திறந்தார். கலங்கியிருந்தது.

"ஆத்தாடி, என்னா தைரியம் சார்! நாங்க எட்டு பாக்ஸ் வச்சும் முடியாதத, இது மூச்சுலயே முடிச்சுருச்சு. நாளைக்கு டெஸ்ட்டுக்குப் போயிர்றேன். இது கேக்குதுல்ல, அது போதும்."

வண்டியைக் கிளப்பும்போது அதே மெட்டை முனகிக்கொண்டே போனார். எனக்கு நிம்மதி.

மறுபடி அந்தப் பாட்டைப் போட்டேன். ஃபேனை நிறுத்தினேன். ஸ்பீக்கரோடு காதை ஒட்டவைத்தேன். மூச்சா? எங்கே? திரும்பப் போட்டேன். ம்ஹூம்...

போனை எடுத்தேன்.

"சேகர், நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க? நானும் வாரேன்."