ஒரு நாள் ஓடிய பஸ்

உள்ளூர் பஸ், ரயில் வசதிகளை மேம்படுத்த அரசு நிதி ஒதுக்கியிருக்கிறது என்று பேப்பரில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வரும். நல்ல சேதிக்கு இவள் ஏன் முகத்தைத் தூக்குகிறாள் என்று வீட்டில் கேட்பார்கள். எங்கள் ஊருக்கும் ஒருமுறை ஒதுக்கினார்களே, அந்தக் கதை அவர்களுக்கு எங்கே தெரியும்!

அப்போது எனக்கு எட்டு வயது. அக்கா பத்தாம் வகுப்பு தேறியிருந்தாள். மேலே படிக்கச் சேரன்மகாதேவிக்குத்தான் போகவேண்டும். வாழைத்தோட்டமும் வாய்க்கால் கரையுமாக ஒன்றரை மணி நேர நடை. பொட்டப்பிள்ளையைத் தனியே அனுப்ப மாட்டேன் என்றார் அப்பா.

"பஸ்ஸு வந்தா படிக்கப் போ. வராட்டா பீடி சுத்து."

அவ்வளவுதான் தீர்ப்பு.

பஸ் வந்தது! முகப்பில் வாழைக்கன்று, ஆள் உயர மாலை. நிதி ஒதுக்கியாச்சு, இனி தினமும் இரண்டு வேளை பஸ் என்று மேடையில் ஒருவர் முழங்கினார். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி பெண்கள் ஆலாத்தி எடுத்தார்கள். சித்தி நாலு சக்கரத்துக்கும் சந்தனம் பூசினாள். மாமா டிரைவருக்கு வேட்டியே எடுத்துக் கொடுத்தார். ஊரே ஓசியில் ஏறி ஒரு சுற்று போய்வந்தோம். அக்கா ஒருத்திதான் கண்டக்டரிடம், "நாளைக்குக் காலைல எத்தன மணிக்கு வரும், அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பைய சொல்லுவாவ, தாயி" என்றவர் வேறு பக்கம் பார்த்தார்.

மறுநாள் அக்கா, பஸ்ஸை நம்பித் தைத்த பள்ளிச் சீருடையோடு தெருமுக்கில் நின்றாள். பஸ் வரவில்லை. அடுத்த நாளும் நின்றாள். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மனு எழுதினார்களா, ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டார்களா? பஸ்ஸுக்குக் கண் பட்டுவிட்டதாம்! வெறும் ரோட்டில் பூசணிக்காயை உடைத்து, இல்லாத பஸ்ஸுக்குத் திருஷ்டி கழித்தார்கள்.

நாலாம் நாள் பத்தமடையில் மாமா அந்த பஸ்ஸைப் பார்த்துவிட்டார். நாங்கள் போட்ட மாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்ததாம். வேட்டி வாங்கிய அதே டிரைவர்.

"ஏன் வே, எங்க ஊரு பஸ்ஸ இங்கன ஓட்டுதீரு?"

"உங்க ஊரு பஸ்ஸா? இது களக்காட்டு வண்டில்லா! விழாவுக்கு ஒரு நாளு கேட்டாவ, கொண்டாந்தேன்."

ஒதுக்கிய பணம் எங்கே போயிற்றென்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரவல் பஸ்ஸைக் காட்டிக் கைதட்டு வாங்கிப் போனவர்கள், தெருமுக்கில் ஒரு பிள்ளை காத்து நிற்குமே என்று நினைத்தாவது பார்த்தார்களா?

அன்று சாயங்காலமே அப்பா பீடி இலையும் தூளும் வாங்கிவந்துவிட்டார். அக்கா சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். தன் புது நோட்டுகளை என் மடியில் வைத்து, "நீ படம் வரஞ்சுக்க" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். முதல் பக்கத்திலேயே பெரிதாக ஒரு பஸ் வரைந்து, ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, அவளிடமே ஓடிப்போய்க் காட்டினேன்.

"நல்லாருக்குடி" என்றவள் சட்டென்று மடியிலிருந்த பீடிச் சுளகின்மேல் குனிந்துகொண்டாள். புகையிலைத் தூள் கண்ணைக் கரிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குச் சிவப்புக் கலர் அடிக்கப் போய்விட்டேன்.