கதவுக்கு மெத்தை, பீங்கானுக்குச் சல்லி

போன வாரம் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு காட்சி கண்டேன். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பை. மூலைகளில் மட்டும் தெர்மாகோல், மற்றபடி பளிச்சென்று திறந்த மேனி. ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு, மறு கையில் செல்போனை வைத்துக்கொண்டு, வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரித்துக்கொண்டே போனார். தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒருவன்தான் வாயைப் பிளந்துகொண்டு நடு ரோட்டில் நின்றேன். பின்னால் வந்த மினி பஸ்காரர் திட்டிய பிறகுதான் ஓரமாக ஒதுங்கினேன்.

உங்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். எனக்குத் தோன்றக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், வீடு கட்டும் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். கம்பி, சிமெண்ட், கருங்கல் சல்லி, கதவு, பீங்கான் எல்லாம் உண்டு. என் பதவிக்குப் பெயர் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். கேட்க ஜோராகத்தான் இருக்கும். பார்த்த வேலை, ஏற்றிய சரக்கு சரியாமல் இருக்க அதன் மேலேயே உட்கார்ந்து போவது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவனுக்கு அந்த ஊர் வைத்திருந்த சிம்மாசனம் அதுதான்.

கடைக்குள் நுழைந்தாலே வைக்கோல் வாசனை அடிக்கும். கூமாப்பட்டியிலிருந்து கட்டுக்கட்டாக வரும். கண்ணாடி, வாஷ்பேசின், டைல்ஸ், எது போனாலும் அடியில் அதுதான் மெத்தை. வண்டி திரும்பி வந்ததும் தெரு மாடுகள் அந்த வைக்கோலைத் தின்னும். அடுத்த லோடுக்குக் கொஞ்சம் மிச்சமும் வைத்துவிட்டுப் போகும். மாடுகளுக்கு இருந்த அந்த அக்கறை எங்கள் முதலாளிக்குக் கிடையாது. வண்டி ஏறிவிட்டால் அது நம் சரக்கு இல்லை என்பது அவர் கொள்கை. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் அல்லவா? தேர்தல் முடிந்ததும் தெருவில் கிடக்கும் கொடிகளில் சிவப்பை மட்டும் கிழித்துச் சேர்த்து வைத்திருந்தார். அந்தக் கட்சிகளால் ஊருக்கு நடந்த ஒரே உருப்படியான காரியம் அது.

அந்தச் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்த வேலுச்சாமி அண்ணாச்சி வீடு கட்டினார். ஊரில் யாரும் பார்க்காத வீடு என்று அவரே ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அவருடைய அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர். எலும்பு கூடிவிட்டது, ஆனால் குத்தவைத்து உட்கார முடியாது. கொல்லைக்கு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய், முடியும்வரை தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பெரியவர் பஞ்சு ஜின்னிங் பேக்டரியில் எடை போட்டவர். யாரிடமும் ஒரு டீகூட ஓசியில் குடித்ததில்லை. வெஸ்டர்ன் வைத்துக் கொடுங்கள் என்று டாக்டர்தான் அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தார்.

வீடு முடியும்வரை குடும்பம் எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்ததால் பெரியவரைக் காலையிலேயே சைட்டில் ஒரு நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள். நான் லோடோடு போய் இறங்கினால் சிமெண்டையும் கம்பியையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். பீங்கான் எப்போது வரும் என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. ஒரு நாள் பக்கத்தில் கூப்பிட்டார்.

“மாளிகை எல்லாம் அவனுக்கு. எனக்கு, ஒருத்தன் தோளப் பிடிக்காமப் போயிட்டு வரணும் தம்பி. அம்புட்டுத்தான்.”

கோப்பையும் பூஜை அறைக் கதவும் ஒரே நாளில் கடைக்கு வந்து சேர்ந்தன. கதவு நல்ல தேக்கு, வரிசையாகக் குட்டி மணிகள். இரண்டையும் ஒரே டெம்போவில் ஏற்றி, சுற்றிலும் வைக்கோலைத் திணித்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு கச்சிதமாக நான் லோடு கட்டியதில்லை. கதவை அழைத்துப் போக நேரில் வந்திருந்த அண்ணாச்சிக்கு அதைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

“ஏலே, சாமி கதவோட கக்கூஸையா ஏத்துத? வெளங்கிரும்.”

சூளையில் வெந்து வந்த பீங்கான். இன்னும் ஒருவரும் அதன் மேல் உட்காரவில்லை. அந்த நிமிஷத்தில் கடையில் இருந்த எல்லாரையும்விட அதுதான் சுத்தம். ஆனால் முதலாளி முறைத்தார், கோப்பை இறங்கியது. அண்ணாச்சி வீட்டு முற்றத்துக்குச் சல்லி ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்தில் நின்றது. அதில் வரட்டும் என்று முடிவாயிற்று. அடியில் கொஞ்சம் வைக்கோலாவது போடுகிறேன் என்றேன். அதற்கும் அண்ணாச்சியிடம் சாஸ்திரம் இருந்தது. வைக்கோல் பசு தின்பது, பசு லட்சுமி, அதைப் போய்க் கக்கூஸுக்கு அடியில் போடுவதா? எந்த லட்சுமி வைக்கோல் தின்றாள் என்று கேட்கிற வயது எனக்கு அப்போது இல்லை. கடைசியில் பீங்கானைக் கோணிச் சாக்கில் கட்டி, சல்லியைப் பறித்து அதற்குள் புதைத்தார்கள். தெருவில் யார் கண்ணிலும் படக் கூடாதாம். டீ குடிக்கப் போயிருந்த டிராக்டர் டிரைவரிடமும் மூச்சு விடக் கூடாது, அவன் ஊரெல்லாம் சொல்லிவிடுவான் என்று அண்ணாச்சி உத்தரவு. அவன் வருவதற்குள் என்னை டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். கதவு ஆடாமல் பிடிக்க ஆள் வேண்டுமே.

வைக்கோல் மெத்தை, மேலே ஜமுக்காளம், அதற்கும் மேலே மல்லிகைச் சரம். பள்ளத்துக்குப் பள்ளம் மணி அடித்தது. சத்தம் கேட்டுப் புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் பெரிய மனது பண்ணித் தலையாட்டி அதை ஏற்றுக்கொண்டேன்.

சைட்டில் அண்ணாச்சியின் சொந்தபந்தம் எல்லாம் கதவைச் சுற்றி உள்ளே நின்றது. சூடம் ஏற்றும்போது வெளியே டிராக்டர் வந்த சத்தம் கேட்டது. சல்லி லோடு என்றால் டிரைவர் என்ன செய்வான்? டிரெயிலரைத் தூக்கிச் சாய்ப்பான். அவனும் அதைத்தான் செய்தான். சல்லி சரிகிற இரைச்சலுக்கு நடுவில் பானை உடைந்தாற்போல் ஒரு சத்தம் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

ஓடிவந்து பார்த்தால் கறுப்புச் சல்லிக்கு நடுவே கிழிந்த சாக்கும் வெள்ளை வெள்ளையாகச் சில்லுகளும் கிடந்தன. பெரியவர் நாற்காலியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் திருதிருவென்று விழித்தான். கூட்டம் பார்க்கிறது என்று கண்டதும் அண்ணாச்சி கையில் தேங்காயோடு நிமிர்ந்து நின்றார்.

“திருஷ்டி கழிஞ்சிருச்சு. நல்லதுக்குத்தான்.”

சொந்தபந்தமும் ஆமாம் ஆமாம் என்றது. இப்படி ஒரு சமாளிப்பை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. பெரியவர் மகனைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார்.

“கதவுக்கு மெத்த போட்டுக் கூட்டியாந்த. நான் ஒக்கார்றதச் சல்லியில பொதச்சுக் கொண்டாந்திருக்க.”

அடுத்த கோப்பை மதுரையிலிருந்து வர வேண்டும். கிரகப்பிரவேசம் முடியட்டும் என்றார் அண்ணாச்சி. முடிந்ததும் ஆடி பிறந்தது. ஆடியில் வீட்டுக்குப் புதுச்சாமான் ஆகாது. ஆவணியில் மண்டியில் வேலை. புரட்டாசியில் விரதம். கக்கூஸுக்கு நல்ல நாள் போட்ட பஞ்சாங்கம் இந்த நாட்டில் இன்னும் அச்சாகவில்லை.

ஐப்பசியில் கேட் ஒன்றை இறக்கப் போனேன். பெரியவர் புது வீட்டில், பின்கட்டில் ஒரு கட்டிலில் கிடந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டதாகவும், மதியம் ஒரு டம்ளர் மோர்தான் என்றும் வேலைக்காரம்மா சொன்னாள். ஏன் அய்யா சாப்பிடுவதில்லை என்று கேட்டேன்.

“தின்னா போகணும்லா தம்பி.”

பொங்கலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். வயசாகிவிட்டது, கல்யாணச் சாவு என்று கொட்டு முழக்கத்தோடு எடுத்தார்கள்.

அந்தக் கடை இப்போது இல்லை. ரோட்டோரப் புளியமரங்களும் போய்விட்டன. நானும் சின்னக் காண்ட்ராக்டராகி நாலைந்து வீடு கட்டிவிட்டேன். சென்ற ஆண்டு அண்ணாச்சி ஆளனுப்பிக் கூப்பிட்டார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன அவருக்கு. மாடி ஏற முடியாது, குத்தவைக்க முடியாது. கீழேயே அட்டாச்டு பாத்ரூம் கட்டி, இறக்குமதிக் கோப்பை ஒன்று வைத்திருந்தார். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி பதிக்க வேண்டுமாம். சுவரைத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மணிகள் லேசாகக் குலுங்கின. பூஜை அறைக்கும் இதற்கும் நடுவே அந்த ஒரே சுவர்தான்.

சாமிக்குத் தீட்டு இல்லையா அண்ணாச்சி என்று கேட்டேன். கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று காட்டக் கோப்பையில் உட்கார்ந்திருந்தவர், பல்செட் தெரியச் சிரித்தார்.

“அதெல்லாம் அந்தக் காலம் தம்பி.”

அந்தக் காலத்தில்தான் அவருடைய அப்பா இருந்தார்.