என் வீட்டுக்காரர் வீட்டை ஊமையாக்கிய காலை

என் வீட்டுக்காரர் சோக் கில்ஹோவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட மேஜைக்கு அடியில் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். புச்சோன் நகரத்து அடுக்குமாடிகளில் ஏறி இறங்கி, அவரவர் வாங்கிப் போட்ட கருவிகளை ஒன்றோடொன்று பேச வைப்பது அவருடைய தொழில். ஒரு வீட்டில் விளக்கு ஒரு கம்பெனி, ஜன்னல் திரையின் மோட்டார் இன்னொரு கம்பெனி, கதவுப் பூட்டு வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலி, தனிக் கடவுச்சொல். இவர் போய் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றைக் கூடத்தில் வைப்பார். கம்பெனிகள் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட பொது முறை ஒன்று இருக்கிறதாம். அது தெரிந்த கருவிகள் அந்தப் பெட்டியின் சொல் கேட்கும். தெரியாத பழைய கருவிகளை இவர் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே இழுத்துவிடுவார்.

கல்யாணமான புதிதில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். ஒரே கம்பெனி லிஃப்ட், ஒரே மாதிரிக் கோளாறு. அலுத்துப்போய் விட்டுவிட்டார். அதை என் அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் ஊருக்குச் செய்வதையெல்லாம் முதலில் எங்கள் வீட்டில்தான் சோதித்துப் பார்ப்பார். குளியலறைக் கதவைத் திறந்தால் பால்கனி விளக்கு எரியும். தும்மினால் காற்றுச் சுத்திகரிப்பான் விழித்துக்கொள்ளும். "இந்த வீட்டுல யாரும் கண்டுக்காத ஒரே ஜீவன் நான்தான்" என்பாள் எங்கள் மகள் செரின்.

உண்மையில் எல்லோரும் அவளைத்தான் கண்டுகொண்டிருந்தோம். போன வருடம் கல்லூரி நுழைவுத் தேர்வில் கோட்டைவிட்டாள். இந்த வருடம் மறுபடி எழுத வேண்டும். "இதுவும் போச்சுன்னா மூணாவது தடவை எழுத மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். தேர்வன்று, கேட்டு விடை எழுதும் பகுதி நடக்கும்போது விமானங்களே இறங்காமல் வானத்தில் வட்டமடிக்கும் நாடு இது. என் வீட்டில் மட்டும் எதுவும் வாயை மூடாது.

அதோடு மேல்மாடியில் தாக் ஐயா. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனி ஆள். குதிகாலை ஊன்றித்தான் நடப்பார். விடிவதற்கு முன்பே எங்கள் தலைக்கு மேல் தொம் தொம் என்று கேட்கும். எங்கள் சண்டையெல்லாம் காவலாளி அறை வழியாகத்தான். நேருக்கு நேர் பேசிக்கொண்டதே இல்லை. நான் அவர் குதிகாலைப் பற்றிப் புகார் சொன்னால், பதிலுக்கு ஒரு புகார் இறங்கி வரும்: "தினம் அஞ்சரைக்கு உங்க ஜன்னல் திரை மோட்டார் கர்ருன்னு அலறுதாம். அப்புறம் உங்க குக்கர், சோறு வெந்துடுச்சுன்னு ஊருக்கே சொல்லுதாம்."

தேர்வுக்குச் சில நாள் முன்பு ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, ஒரு பெட்டி ஆரஞ்சைக் காவலாளியிடம் கொடுத்து அனுப்பினேன். பெண் படிக்கிறாள், கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "சரி" என்று ஒரே வார்த்தை வந்தது. மறுநாளிலிருந்து மேலே சத்தமே இல்லை. அதுவும் எனக்கு நிம்மதி தரவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் செரின் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ரைஸ் குக்கர் தன் தேன் குரலில் சோறு தயார் என்று அறிவித்தது. அவள் பென்சிலைத் தூக்கிப் போட்டாள். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"செரின் அப்பா, அவ பரீட்சை முடிஞ்சு வர்ற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு பொருளும் மூச்சு விடக்கூடாது. சொல்லிட்டேன்."

"அவ்வளவுதானே, செரின் அம்மா. ஒரு மணி நேரம் குடு."

சாயங்காலம் வரை ஆனது. குக்கர், துணி துவைக்கும் இயந்திரம், ஜன்னல் திரை மோட்டார், ஒலிபெருக்கி, எங்கள் இருவர் போன் என்று அத்தனைக்கும் சேர்த்து 'அமைதி' என்று ஒரே கட்டளை செய்தார். வாசல் அழைப்பு மணி மட்டும் நெடுநேரம் முரண்டு பிடித்தது. கடைசியில் அதுவும் அடங்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாத்தியா, ஏழு கம்பெனி. இப்ப எல்லாம் ஒரே குடும்பம்."

"நம்ம குடும்பம் மாதிரி இல்லாம இருந்தா சரி" என்றேன்.

இரவு நான் தூங்கவில்லை. குடித்தால் தேர்வில் வழுக்கி விழுவார்கள் என்று இங்கே நம்பப்படும் கடற்பாசி சூப்பை ஒரு மாதமாக வீட்டுக்குள் விடாத எனக்கு, வேறு எதை மறந்தேன் என்றே ஓடிக்கொண்டிருந்தது. விடியும் நேரத்தில்தான் கண் அசந்திருக்க வேண்டும்.

யாரோ கதவை முட்டியால் இடிக்கும் சத்தத்தில் விழித்தேன். ஜன்னல் திரை இறங்கியபடியே இருந்தது. அதன் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஓடிப்போய்த் திறந்தால் தாக் ஐயா. இரவு உடுப்பு, காலில் தடித்த கம்பளிச் செருப்பு.

"ஏம்மா, பொண்ணு கிளம்பிடுச்சா?"

"மணி என்ன ஐயா?"

"ஏழு தாண்டிடுச்சு. அஞ்சரைக்கு உங்க ஜன்னல் கத்தல. பரீட்சைக்காக நிறுத்தியிருப்பாங்கன்னு விட்டுட்டேன். குக்கரும் பேசல. அப்புறம் மனசு கேக்கல. மணி அடிச்சு அடிச்சு விரல் வலிக்குது. அதுவும் ஊமையா?"

நடந்தது பிறகுதான் புரிந்தது. விடியற்காலை அஞ்சரைக்குத் திரையை ஏற்றி எங்களை எழுப்பி, குக்கரையும் போட வேண்டிய கட்டளை சரியாக வந்திருக்கிறது. 'அமைதி' இருக்கிறது என்று தெரிந்து, அடக்கமாகத் திரும்பிப் போயிருக்கிறது. அந்த 'அமைதி'யிலேயே எங்கள் போன்களின் அலாரமும் அடங்கிவிட்டது. ஏழு கம்பெனியும் ஒன்று சேர்ந்து என் பெண்ணைத் தூங்க வைத்திருந்தன. அவள் போனை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தவள் நான்தான்.

செரின் ஒரு கையில் காலுறையோடு ஓடி வந்தாள். குக்கரைத் திறந்தேன், ஊறின அரிசி அப்படியே கிடந்தது. தேர்வுக் கூடத்துக்கு மதியச் சாப்பாடு கையோடு கொண்டுபோக வேண்டும். "என் பானையில சோறு இருக்கு" என்று தாக் ஐயா மாடிக்கு ஓடினார். அவருடைய காலைச் சாப்பாடு என் பெண்ணின் டப்பாவுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் வேன் சாவியோடு கூடத்தில் நின்று, கதவு எந்தப் பக்கம் என்று தெரியாதவர்போல் விழித்தார்.

"சாவியக் குடு தம்பி. நீ இப்ப ஓட்டுனா நேரா ஆஸ்பத்திரிதான்" என்று தாக் ஐயா கையை நீட்டினார்.

பெரிய சாலையைத் தொடவே இல்லை அந்த மனிதர். மீன் சந்தைக்குப் பின்புறம், பள்ளிக்கூடச் சந்து, ரயில் பாலத்துக்கு அடி என்று வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டின ஊரை வளைத்து வளைத்து ஓட்டினார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கால் ஆடவே இல்லை. இத்தனை வருடத்தில் அன்றுதான் அதைப் பார்த்தேன். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. சிறிது நேரத்தில் விசும்பும் சத்தம் கேட்டது.

"அப்பா, அழாதீங்க. சத்தம் வருது" என்றாள் செரின், குறிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

தேர்வுக் கூடத்து வாசலில் காவலர் கதவை இழுக்கத் தொடங்கியிருந்தார். வேன் நிற்பதற்குள் குதித்து ஓடினாள். கதவு அவள் பின்னாலேயே மூடியது. நான் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வெளியே வந்தவள் சொன்ன முதல் வார்த்தை, "மேல்வீட்டுச் சோறு நல்லா இருந்துச்சு." எப்படி எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால், மூன்றாவது தடவை பற்றிப் பேச்சு வராது என்று தோன்றியது.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் 'அமைதி'யை அழித்தார். மறுநாள் அஞ்சரைக்கு ஜன்னல் கர்ரென்று அலறியது. குக்கர் அறிவித்தது. மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். தனி ஆள். விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்?

"அவர் வீட்டுலயும் ஒரு பெட்டி வெச்சுடட்டுமா? நடமாட்டம் இல்லன்னா நம்ம போனுக்குத் தகவல் வரும்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.

"நீங்க பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். தாக் ஐயா கதவைத் திறந்தார். நல்லபடியாகவே நின்றார், காலில் அதே கம்பளிச் செருப்போடு.

"என்னம்மா, சத்தம் எதுவும் கேக்குதா?"

"கேக்கலையே. அதான் வந்தேன்" என்றேன். "பரீட்சை முடிஞ்சிடுச்சு ஐயா. அந்தச் செருப்பைக் கழட்டிடுங்க."