லாரி டிரைவர் கொடுத்த ரத்தம்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். மலேரியா ஆராய்ச்சி மாணவியாகக் கோவை ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைவதே அப்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அங்கேதான் அந்த லாரி டிரைவரைச் சந்தித்தேன். ஒடிசாவுக்கு லோடு ஏற்றிப் போய்க் காய்ச்சலோடு திரும்பியிருந்தார். முறுக்கிய மீசை. யார் கட்டிலைக் கடந்தாலும், சைடு கொடுப்பதுபோலக் காலை மடக்கிக்கொள்வார்.

என் சோதனைக்கு அவருடைய ரத்தம் வேண்டியிருந்தது.

“கொசு வயித்துக்குள்ள போனதும் இந்தக் கிருமியை எழுப்பி உடறது கைனேஸ்ங்கற புரதமுங்க. அதை முடக்க மருந்து தேடறோம். முடக்கிட்டா, உங்களைக் கடிச்ச கொசு அடுத்தவங்களுக்குப் பரப்பாதுங்க,” என்றேன்.

“எனக்குக் காய்ச்சல் உடுமுங்களா?”

“அதுக்கு வேற மருந்து குடுப்பாங்க. இது உங்க பக்கத்து ஊட்டுக்காரருக்குங்க.”

“அவனுக்கா? வரப்புத் தகராறுல எங்களுக்குள்ள பேச்சே இல்லீங்க அம்மணி.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கிளம்பலாம் என்று நினைத்தபோது கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

“எடுத்துக்கங்க. அவன்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

கொசு வயிற்றுக்குள் போனதுபோலச் சூடு ஆறவிட்ட அந்த ரத்தத்தில்தான், கிருமிகள் விழித்துத் துடிப்பதை மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்த்தேன். அவரை அதன்பிறகு பார்க்கவில்லை. இந்த மருந்து யாருக்கு என்று கூட்டங்களில் யாராவது கேட்டால், நான் பார்த்தேயிராத அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் இன்றும் நினைவுக்கு வருகிறார்.