கேரட் கழுவத் தடை

கொரோனாவின் இரண்டாவது வருஷம், கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான மன்னவனூரில் எனக்கு ஒன்றரை ஏக்கர் கேரட் நின்றது. மறுநாள் நாங்கள் எப்படி வாழவேண்டும் என்பதைத் தினமும் சாயங்காலம் டீவி முன்னால் உட்கார்ந்து தெரிந்துகொள்வோம். ஒருநாள் தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு, இன்னொருநாள் தளர்வுகளற்ற ஊரடங்கு. எங்கள் குளிருக்கு ஏழு மணிக்கெல்லாம் ஊர் தானாகவே கதவைச் சாத்திவிடும். அதற்கு யாரும் உத்தரவு போட்டதில்லை.

விவசாயத்துக்குத் தடையில்லை என்று ஓர் உத்தரவு வந்தது. சந்தோஷமாகக் கேரட் பிடுங்க ஆள் சொல்லிவிட்டேன். பிறகுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் மலையில் பிடுங்கிய கேரட்டை மெஷினில் போட்டுக் கழுவித்தான் லாரியில் ஏற்றுவோம். மெஷினுக்கு மோட்டார் உண்டு. மோட்டார் ஓடினால் அது தொழிற்சாலை, தொழிற்சாலைக்குத் தடை. கொடைக்கானலில் ஓர் அதிகாரியிடம் போய் முறையிட்டேன். பொறுமையான மனுஷன். உத்தரவை மூன்று தடவை வாசித்தார்.

"பிடுங்கலாம், விக்கலாம். கழுவுறதப் பத்தி மேலருந்து ஒண்ணும் வரலைங்க" என்றார்.

மண்ணோடு அனுப்பட்டுமா என்று கமிஷன் கடைக்காரரிடம் போனில் கேட்டேன். உங்கள் தோட்டத்தையும் சேர்த்து வாங்க எனக்கு வசதியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். சரி, கையால் கழுவுவோம் என்று ஓடையில் பத்துப் பேரை இறக்கினேன். ரோந்து வந்தவர்கள் கூட்டம் சேர்ந்ததாகச் சொல்லி எல்லோரையும் விரட்டிவிட்டார்கள். மெஷினுக்கு இரண்டு பேர் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். அதுதான் தொழிற்சாலையாயிற்றே என்றார்கள்.

மனு எழுதிக் கொடுத்தேன். அது மேலே போயிருக்கிறது, கமிட்டி கூடித்தான் முடிவெடுக்கும் என்றார்கள். கூட்டம் கூடக்கூடாது என்று சொல்வதற்கும் ஒரு கூட்டம் தேவைப்பட்டது. கேரட் காத்திருக்குமா? முற்றி வெடித்து, மழையில் அழுக ஆரம்பித்தது. அந்த வருஷத்துச் சாப்பாடே எங்களுக்கு அதில்தான் இருந்தது. தினமும் வெள்ளனவே போய் ஒன்றைப் பிடுங்கிப் பார்ப்பேன், வாய்விட்டுத் திட்டிக்கொண்டே திரும்புவேன்.

பிறகு எங்கள் தெருவில் ஒருவருக்கு நோய் வந்தது. தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். மூன்றாம் நாள் அதே அதிகாரி ஜீப்பில் வந்து வீட்டுக்கு வீடு நிவாரணப் பை கொடுத்தார். அரிசி, பருப்பு, அதற்கு மேலே அரைக்கிலோ கேரட். வெளிமாநிலச் சரக்காம். பளபளவென்று கழுவியிருந்தது.

"இத யாரு சார் கழுவுனது?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்துகொண்டே, "அங்க உத்தரவு வேறங்க" என்றார்.

கூட வந்த போட்டோக்காரர் பையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். "மாஸ்க்கக் கொஞ்சம் எறக்குங்கண்ணே, மொகம் தெரியணும். அப்படியே சிரிங்க."

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து என் தோட்டத்து அழுகல் வாடை வந்துகொண்டிருந்தது. மாஸ்க்கை இறக்கினேன். மறுநாள் படம் பேப்பரில் வந்தது. நன்றாகவே சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.