பேர் போடாத உபயம்

கோவிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு அதில் தன் பேரை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்த வீம்புதான் என்னைக் கெடுத்தது.

என் மனைவி நோயில் விழுந்தபோது, அவள் பிழைக்க வேண்டும் என்று அய்யனார் மேல் ஒரு பாட்டுக் கட்டினேன். வரியும் என்னுடையது, மெட்டும் என்னுடையது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவனுக்குத் தாளம் போட ஆள் எதற்கு, தறியே போடும். உள்ளூர் ஸ்டூடியோ ஒன்றில் பாடிப் பதிவு செய்தேன். யார் பேரைப் போடுவது என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார்.

"சாமிக்குக் குடுத்ததுல எம் பேரு எதுக்குய்யா? உபயம்னு மட்டும் போடும்" என்றேன்.

அய்யனார் காது கொடுக்கவில்லை. அவள் போய்விட்டாள்.

முதல் வருஷத் திதிக்கு அதே பாட்டைப் பாடி, அவள் படத்தோடு இணையத்தில் போட்டேன். மறுநாள் அதைக் காணோம். பாட்டு வேறொருவருக்குச் சொந்தம் என்று அறிவிப்பு வந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் தன் பேரில் ஏற்றி வைத்திருந்தார். போதாக்குறைக்கு என் மெட்டில் ஒரு குடிப்பாட்டு வேறு. டவுன் பஸ்ஸில் அதைக் கேட்டதும் பாதி வழியில் இறங்கி நடந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். வழக்குப் பேச வந்த இடத்தில் இழவுச் செய்தி எதற்கென்று, என் மனைவி செத்ததை மட்டும் சொல்லவில்லை.

"சட்டம் உங்க பக்கந்தான் அண்ணாச்சி. பாட்டு உண்டான அன்னைக்கே அது உங்களுக்குச் சொந்தம், பதியணும்னு கட்டாயம் இல்ல. வரிக்குத் தனி உரிமை, மெட்டுக்குத் தனி உரிமை. வித்தே போட்டாலும், நாந்தான் கட்டுனேன்னு சொல்லுத உரிமையும், அசிங்கப்படுத்தாதன்னு தடுக்குத உரிமையும் உங்கள விட்டுப் போகாது" என்றார். வெகுநாளைக்குப் பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

"ஆனா அவரும் நாந்தான் கட்டுனேம்பாரு. நீங்க கட்டும்போது கூட இருந்து கேட்டவிய யாரும் உண்டா?"

இருந்தாள். மூச்சு வாங்க வாங்க, "ரெண்டாவது அடி இழுக்கு, செத்த கொறைங்க" என்று திருத்தியவளே அவள்தான்.

"எம் பொஞ்சாதி" என்றேன்.

வக்கீலம்மா முகம் மலர்ந்தது. "அப்பக் கவலைய விடுங்க. வார திங்கக்கெழம அவியளக் கூட்டிட்டு வாங்க."